எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினால்

நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அலுவலகத்தில் அரட்டை அடித்தால் மெமோ வரும். இப்போது அரட்டைதான் அலுவலகம். என் மகள் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். மேலதிகாரி, சக ஊழியர்கள், வருகைப் பதிவேடு எல்லாமே அவளுடைய லாப்டாப்பில் எந்நேரமும் திறந்திருக்கும் ஓர் அரட்டைச் செயலிக்குள் இருக்கின்றன. அதில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. பச்சையாக இருந்தால் ஆள் இருக்கையில் இருக்கிறாள் என்று அர்த்தம். சாம்பல் நிறமானால் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாரம் முழுக்க அந்தச் செயலி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக மூடிக்கொண்டது. மூடும்போதெல்லாம் புள்ளி சாம்பலாகிவிடும். இரண்டாம் நாளே "மதியம் எங்கே போயிருந்தீர்கள்?" என்று மேலிடத்துக் கேள்வி. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவள், தான் அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியதாயிற்று. டெலிபோன் பழுதானால் டெலிபோனைக் குறை சொல்லித்தான் எனக்குப் பழக்கம். மறுமுனையில் இருப்பவருக்கு ஆப்சென்ட் போட்டு நான் பார்த்ததில்லை.

அவளும் எல்லோரும் செய்வதைச் செய்தாள். செயலியை மூடித் திறந்தாள். லாப்டாப்பையே அணைத்துப் போட்டாள். 'கேஷ்' என்கிற தற்காலிகச் சேமிப்பை அழித்தாள். கடைசியில் செயலியை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "உனக்கு மட்டுமாம்மா, எல்லோருக்குமா?"

எக்ஸ்சேஞ்சில் 34 வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்! 198-க்குப் புகார் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு வீடு மட்டும் என்றால் கருவியோ, வீட்டுக்குப் போகும் ஒயரோ. பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்றால் டிபி பெட்டி. ஒரு பேட்டை முழுக்க என்றால் கேபிள். ஊரே புகார் செய்தால் லைன்மேனைத் தெருவுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை, எக்ஸ்சேஞ்சுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் விசாரித்தாள். குழுவில் பதினோரு பேர், அவர்களில் நான்கு பேருக்கு மட்டும் இந்தத் தொல்லை. அந்த நான்கு பேருடைய லாப்டாப்பிலும் முந்தைய சனி ஞாயிறில் செயலியின் புதிய பதிப்பு தானாக ஏறியிருந்தது, மற்ற ஏழு பேரிடம் பழையது. நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் அதே புதிய பதிப்புதானே வரும்! விவரத்தை எழுதி அனுப்பிய பிறகு பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார்கள், தொல்லை நின்றது. பச்சைப் புள்ளி விவகாரத்துக்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு, இந்த அரட்டை இயந்திரங்கள் ஏன் படுத்துக்கொள்கின்றன, படுத்தவை எழுந்திருக்க ஏன் இவ்வளவு திணறுகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எங்கள் பழைய கதையாகவே இருந்தது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

டென்மார்க்கில் எர்லாங் என்று ஒரு கணித மேதை இருந்தார். 1878-இல் பிறந்தவர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். 1909-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில்தான் எங்கள் தொழிலின் கணக்கு தொடங்குகிறது. கேள்வி எளிமையானது. ஓர் ஊரில் ஆயிரம் பேரிடம் டெலிபோன் இருக்கிறது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசுவதற்கு வழி செய்வதென்றால் கம்பெனி திவாலாகும். ஒருவருக்கு மட்டும் வழி வைத்தால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்படியானால் எத்தனை வழி வைப்பது? நாளில் அதிகமாக அழைப்பு வரும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள், எவ்வளவு நேரம் பேசுவார்கள், எத்தனை பேரை "பிஸி" என்று திருப்பி அனுப்பினால் பொறுத்துக்கொள்வார்கள் என்று பார்த்துக் கணக்குப் போட்டார். இன்றும் டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்றே பெயர்.

இந்தக் கணக்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக, அவரவர் தேவைக்கு அவரவர் நேரத்தில் டெலிபோனை எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை. சாதாரண நாளில் அது சரிதான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அரை மணி நேரம் செத்துவிட்டு உயிர் வந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும். அப்போது ஊரே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு டயல் டோனுக்குக் காத்திருக்கும். அவசரம் இருப்பவரோடு, "வந்துவிட்டதா பார்ப்போம்" என்று சும்மா எடுத்துப் பார்ப்பவரும் சேர்ந்துகொள்வார். பழுதைச் சரி செய்வதைவிட, சரி செய்தபின் வரும் அந்தப் பத்து நிமிடம்தான் எங்களுக்குக் கவலை.

அலுவலக அரட்டை எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் விலைவாசியையும் சம்பளத்தையும் 90 நாளைக்கு அப்படியே நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அதைக் கண்காணிக்கும் வேலை அங்கே அவசரகாலத் தயார்நிலை அலுவலகத்தின் தலையில் விழுந்தது. நாடு முழுவதும் பரவியிருந்த வட்டார அலுவலகங்களைத் தலைமையகத்தோடு இணைக்க, முர்ரே டூராஃப் என்பவர் எமிசாரி என்ற கம்ப்யூட்டர் அமைப்பை உருவாக்கினார். டெலிபோன் லைனில் மாட்டிய டைப்ரைட்டர் போன்ற முனையங்களில் அதிகாரிகள் தட்டச்சு செய்து பேசிக்கொண்டார்கள். அந்த வசதிக்கு 'பார்ட்டி லைன்' என்று பெயர். நாலைந்து வீட்டுக்கு ஒரே லைன் கொடுத்துப் பங்குபோட்ட அந்தக்கால டெலிபோனுக்கும் பார்ட்டி லைன் என்றுதான் பெயர். பெயரைக்கூட எங்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்!

பிறகு 1988-இல் ஃபின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை எழுதினார். பல ஊர் சர்வர்களைக் கிளை கிளையாகக் கோத்த அமைப்பு அது. ஒரு கிளை அறுந்தால் அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் அறையை விட்டு மறைவார்கள். கிளை ஒட்டியதும் அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். இதற்கு 'நெட்ஸ்பிளிட்' என்று பெயர் வைத்து, மழை வெயில் மாதிரி சகஜமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஐ.ஆர்.சி.யின் பேரன்தான் ஸ்லாக். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவரின் குழு கிளிட்ச் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. ஆட்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால் ஐ.ஆர்.சி.யை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவி செய்துகொண்டார்கள். விளையாட்டு ஓடவில்லை. 2012-இல் மூடினார்கள். கருவி மட்டும் கையில் நின்றது. அதை 2013-இல் வெளியே காட்டினார்கள். 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. (இதே மனிதர் முன்பு செய்த ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளமும் இப்படித்தான் முடியாமல் போன ஒரு விளையாட்டிலிருந்து பிறந்தது. சிலருக்குத் தோல்வியில்கூட யோகம்.)

ஸ்லாக்குக்குப் போகுமுன் டெலிபோன்காரர்களின் ஒரு விபத்தைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. 1990 ஜனவரி 15, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் தொலைதூர அழைப்புகளை 114 பெரிய ஸ்விட்சுகள் கையாண்டன. அன்று பிற்பகல் நியூயார்க்கில் ஒரு ஸ்விட்சுக்குச் சின்னத் தலைசுற்றல். "கொஞ்சம் பொறு, அழைப்பு அனுப்பாதே" என்று மற்ற ஸ்விட்சுகளுக்குச் சொல்லிவிட்டுத் தன்னைத்தானே சரி செய்துகொண்டது. நாலைந்து நொடிதான். இதற்கென்றே வடிவமைத்த ஏற்பாடு இது, ஒழுங்காக வேலை செய்தது.

சிக்கல் அது திரும்பி வந்ததில்தான். "நான் வந்துவிட்டேன்" என்பதற்கு அடையாளமாக அது அழைப்புகளை அனுப்ப ஆரம்பித்தது. முதல் செய்தியைப் பெற்ற பக்கத்து ஸ்விட்ச் "சரி, வந்துவிட்டான்" என்று தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்துக்குள் இரண்டாவது செய்தியும் வந்தால் அது குழம்பியது. ஒரு மாதம் முன்பு எல்லா ஸ்விட்சிலும் ஏற்றிய புதிய மென்பொருளில், சி மொழியில் எழுதிய ஒரு பகுதியில் 'பிரேக்' என்ற ஒரு கட்டளை இடம் தவறியிருந்தது. குழம்பிய ஸ்விட்ச் தன்னை நிறுத்திச் சரி செய்துகொண்டு, "நான் வந்துவிட்டேன்" என்று அறிவித்தது. அதைக் கேட்ட அடுத்த ஸ்விட்சுகள் குழம்பின. இப்படி 114 ஸ்விட்சும் ஒன்றையொன்று விழுத்தாட்டிக்கொண்டு ஒன்பது மணி நேரம் ஆடின. ஒவ்வொன்றும் குணமாகிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குணமே அடுத்ததற்கு நோய். கடைசியில் அவர்கள் செய்தது, ஸ்விட்சுகளுக்கிடையே போகும் செய்திகளைக் குறைத்து ஆட்டத்தை அடக்கியதுதான். பிறகு பழைய மென்பொருளைத் திருப்பி ஏற்றினார்கள்.

இதே கதையை அரட்டைச் செயலிகள் வரிசையாகத் திருப்பி நடித்திருக்கின்றன. ஸ்கைப் உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும், பேரன் பேத்தி முகத்தை முதலில் திரையில் பார்த்தது அதில்தானே. அலுவலகங்களும் அதை அரட்டைக்கும் பேச்சுக்கும் நிறையப் பயன்படுத்தின. அதன் அமைப்பு விசித்திரமானது. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விலாசப் புத்தகத்தைக் கம்பெனியின் சர்வரில் வைக்கவில்லை. நல்ல இணைப்புள்ள சாதாரண வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களே 'சூப்பர்நோட்' என்ற பெயரில் அந்த வேலையைச் செய்தன. ஊர்க்காரர்கள் வீட்டுத் திண்ணையிலேயே எக்ஸ்சேஞ்ச் நடத்தின மாதிரி. செலவு மிச்சம்.

2007 ஆகஸ்ட் 16 அன்று அது விழுந்தது. அந்த வாரம் மைக்ரோசாஃப்ட் வழக்கமான விண்டோஸ் திருத்தங்களை அனுப்பியிருந்தது. அவற்றை ஏற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் உலகம் முழுவதும் குறுகிய நேரத்துக்குள் தாமாக அணைந்து மறுபடி எழுந்தன. அணைந்தவற்றில் சூப்பர்நோட்டுகளும் அடக்கம். எழுந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே நுழையக் கதவைத் தட்டின. தட்டுகிறவர்கள் கூட்டம், கதவைத் திறக்க வேண்டியவர்களே வெளியே. சுமார் இரண்டு நாள் ஆயிற்று எழுந்திருக்க. பழி மைக்ரோசாஃப்ட் மேல் விழாமல், தங்கள் மென்பொருளில் இதுவரை தெரியாமலிருந்த ஒரு பிழைதான் காரணம் என்று ஸ்கைப் ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

மூன்று வருடம் கழித்து, 2010 டிசம்பர் 22 அன்று மறுபடியும் விழுந்தது. இது என் மகள் கதைக்கு நெருங்கிய சொந்தம். ஆள் இல்லாத நேரத்தில் வரும் செய்திகளைப் பிடித்துவைக்கும் சில சர்வர்கள் பளு தாங்காமல் தாமதமாகப் பதில் சொல்லத் தொடங்கின. தாமதம் ஒரு பெரிய குற்றமில்லை. ஆனால் விண்டோஸுக்கான ஒரு குறிப்பிட்ட பதிப்பு, 5.0.0.152 என்பது அதன் எண், தாமதமான பதிலைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் கிராஷ் ஆனது. உலகெங்கும் ஸ்கைப் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தப் பதிப்பில்தான் இருந்தார்கள். அவர்களில் சுமார் 40 சதவீதம் பேருடைய ஸ்கைப் விழுந்தது. அதோடு சேர்ந்து சூப்பர்நோட்டுகளில் 25 முதல் 30 சதவீதம் போயிற்று. விழுந்தவர்கள் என்ன செய்வார்கள்? என் மகள் செய்ததைத்தான். மூடித் திறந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறந்ததால், மிச்சமிருந்த சூப்பர்நோட்டுகள் மேல் வழக்கத்தைவிடச் சுமார் நூறு மடங்கு பளு விழுந்தது. அவையும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கின. சுமார் ஒரு நாள் திண்டாட்டம். கம்பெனியே நூற்றுக்கணக்கில் பெரிய சூப்பர்நோட்டுகளைச் செய்து வைத்துத்தான் நிமிர்த்தினார்கள்.

எல்லா வீழ்ச்சிக்கும் நெரிசல்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்குக் காரணம், ஒரு பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததுதான். டிரைவிங் லைசென்ஸ் காலாவதியான கதை. 2018 பிப்ரவரியில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆப்பிள் ஐபோனில் தெலுங்கு எழுத்து ஒன்று, நம் 'ஞானம்' என்ற சொல்லை அவர்கள் எழுதத் தொடங்கும் 'ஜ்ஞா' போன்றது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு சேர்ந்து வந்தால் அதை வரையத் தெரியாமல் செயலி மூடிக்கொண்டது. செய்திப் பட்டியலின் தலையிலேயே அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும். திறந்தால் அதை வரைய வேண்டும், வரைந்தால் மூடும், மறுபடி திறந்தால் மறுபடி மூடும். வேறு யாரையாவது ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, அதன் வழியாக உள்ளே போய் அந்த உரையாடலை அழிப்பது ஒரு வழி. 19-ஆம் தேதி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. ஞானத்தைத் தாங்க முடியாமல் கருவி படுத்தது என்று தெலுங்கு நண்பர்களிடம் கேலி பேசலாம், ஆனால் எழுத்துக்கூட்டு சிக்கலான நம் பக்கத்து மொழிகளைக் கடைசியில் சோதித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அது நல்ல சாட்சி.

இனி 2021 ஜனவரி 4. எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே மிகப் பிடித்த நாள் இதுதான், பாதிக்கப்பட்டவர்கள் மன்னிக்க. கொரோனா காலம். உலகின் பெரும்பகுதி அலுவலக வேலை வீடுகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. ஸ்லாக் நின்றால் வெறும் அரட்டை நின்றதாக அர்த்தமில்லை, அலுவலகத்தின் கதவே பூட்டியதாக அர்த்தம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை அது.

அமெரிக்க மேற்குக் கரையில் காலை 6 மணி, நமக்கு இரவு 7.30. பிழைகள் கூடுகின்றன என்று வெளியிலிருந்து கண்காணிக்கும் ஒரு சேவை எச்சரிக்கை அனுப்பியது. பொறியாளர்கள் தங்கள் கண்காணிப்புப் பலகையைத் திறக்கப் போனார்கள். பலகையே திறக்கவில்லை! எங்கே என்ன நடக்கிறது என்று வரைபடம் வரைந்து காட்டும் கருவியும், எச்சரிக்கை அனுப்பும் கருவியும், எந்தப் பாதையில் பழுதோ அதே பாதைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தன. டெஸ்ட் டெஸ்க்குக்குப் போகும் கேபிளும் அறுந்துவிட்டால் எப்படிப் பழுது பார்ப்பது? இந்த நிலையில் மாட்டியவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். அவர்கள் செய்தது சரியான முதல் காரியம். அன்று புதிதாக ஏற்றிய மாற்றங்களைத் திருப்பி எடுத்தார்கள். குற்றவாளி அதில் இல்லை. பிறகு பதிவேடுகளை நேரடியாகப் புரட்டி, கையாலேயே கேள்வி கேட்டுத் தேடினார்கள்.

பழுது அவர்கள் வீட்டுக்குள் இல்லை. ஸ்லாக்கின் சர்வர்கள் அமேசானிடம் வாடகைக்கு எடுத்தவை. அவை தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்திருந்தன. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே 'ட்ரான்சிட் கேட்வே' என்ற சந்திப்பு. எங்கள் பாஷையில் டேண்டம் எக்ஸ்சேஞ்ச், ஊர் எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழைப்புகளை மாற்றிவிடுவது. போக்குவரத்து கூடக் கூட அந்தச் சந்திப்பு தானாகவே அகலமாகும்படி அமேசான் அமைத்திருந்தது. விடுமுறையில் வருடத்திலேயே மிகக் குறைந்த போக்குவரத்து. திங்கட்கிழமை காலை வருடத்திலேயே பெரிய நாட்களில் ஒன்று. ஒரே இரவில் அந்தப் பாய்ச்சல். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரம் மூடிக் கிடந்த செயலிகளில் தற்காலிகச் சேமிப்பு பழசாகிவிட்டது. ஒவ்வொரு லாப்டாப்பும் விட்டுப்போன அத்தனையையும் முதல் தடவையிலேயே கேட்டு வாங்கியது. வழக்கமாக ஒரு வாளி கேட்பவர் அன்று குடம் கேட்டார். சந்திப்பு அகலமாவதற்குள் வண்டிகள் குவிந்துவிட்டன, செய்திகள் வழியில் தொலைந்தன.

சேமிப்பை அழித்துவிட்டுத் திறந்து பார் என்ற அறிவுரையை எனக்கு அன்றிலிருந்து பிடிப்பதில்லை. ஒருவர் செய்தால் மருந்து. ஊரே படுத்திருக்கும்போது ஆயிரம் பேர் செய்தால் கிணற்றுக்கு ஆயிரம் குடம் கூடுதல்.

அடுத்து நடந்ததுதான் கதையின் உச்சம். ஸ்லாக்கில் பளுவுக்கு ஏற்றபடி சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. சர்வர்கள் எல்லாம் பின்னாலிருந்து பதில் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. காத்திருப்பவன் மூளை சும்மாதானே இருக்கும்? பளு இல்லை என்று எண்ணிய ஏற்பாடு, சர்வர்களைக் குறைக்க ஆரம்பித்தது! டிரங்க் ஆபரேட்டர் அம்மா மறுமுனை பதிலுக்காக ஹெட்செட்டோடு காத்திருக்கிறார், சூப்பர்வைசர் வந்து "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று கூட்டம் அலைமோதும் நேரத்தில் ஆட்களை அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படி. பழுது பார்க்கப் பொறியாளர்கள் நுழைந்திருந்த சர்வர்களே அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறைந்தன.

மேற்குக் கரை 7 மணிக்கு இன்னொரு அலை. மணி முழுதாகும்போதும் அரை மணியாகும்போதும் ஸ்லாக்கில் ஒரு சின்ன உச்சம் வருமாம். மனிதர்களால் அல்ல. "10 மணிக்கு மீட்டிங்" என்று ஞாபகப்படுத்தும் தானியங்கிச் செய்திகள் உலகம் முழுவதும் அந்த நொடியில்தான் கிளம்புகின்றன. அந்த அலையில் ஸ்லாக் முழுசாக விழுந்தது. இப்போது ஏற்பாட்டின் இன்னொரு பாதி விழித்துக்கொண்டது. வேலையாட்கள் எல்லோருமே பிஸி என்று கண்டு, 7.01-க்கும் 7.15-க்கும் இடையே 1,200 சர்வர்களை ஒரே மூச்சில் சேர்க்க முயன்றது.

புது சர்வர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துப் பணியில் அமர்த்த ஒரு நிரல் இருக்கிறது. அது 1,200 பேரை ஒரே கால் மணியில் பார்த்ததில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் இத்தனை ஃபைல்தான் திறந்து வைக்கலாம் என்று வரம்பு உண்டு, குமாஸ்தா மேஜையில் இத்தனை கட்டுக்கு மேல் அடுக்காதே என்பது போல. அந்த வரம்பைத் தொட்டது. அமேசான் கணக்கில் இருந்த ஓர் உச்சவரம்பையும் தொட்டது. இரண்டும் சேர, புதிதாக வந்தவர்கள் வேலை தெரியாமல் வராந்தாவில் நின்றார்கள். ஆள் இருக்கிறது, வேலைக்கு ஆகவில்லை. பொறியாளர்கள் இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்த பிறகுதான் சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பணிக்கு வந்தன.

இதற்கிடையே அமேசானின் ஆட்களும் தங்கள் கண்காணிப்பில் செய்திகள் தொலைவதைக் கண்டு, அந்தச் சந்திப்பின் கொள்ளளவைக் கையாலேயே கூட்டினார்கள். காலை 10.40-க்கு, நமக்கு நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம், பாதை வழக்கத்துக்கு வந்தது. தானாக வளரும் என்று நம்பியிருந்த இயந்திரத்தைக் கடைசியில் மனிதர்தான் கைப்பிடித்து வளர்க்க வேண்டியிருந்தது.

எக்ஸ்சேஞ்ச்காரன் என்ற பெருமையில் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிக்கொள்கிறேன். 1986 வாக்கில் ஸ்வீடனின் எரிக்ஸன் கம்பெனியில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் இரண்டு சகாக்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். அதற்கு எர்லாங் என்று பெயர், நம் டென்மார்க் மேதையின் பெயர்தான். "விழட்டும், விடு" என்பது அந்த மொழிக்காரர்களின் தாரக மந்திரம். ஒவ்வோர் அழைப்பும் தனிச் சின்னப் பெட்டி. ஒரு பெட்டி விழுந்தால் அந்த ஒரு அழைப்பு மட்டும் அறும், பக்கத்துப் பெட்டிக்குத் தெரியாது. விழுந்ததைத் தூக்கி நிறுத்த ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். எத்தனை நொடிக்குள் எத்தனை முறை தூக்கலாம் என்று அவருக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் விழுந்துகொண்டே இருந்தால், திரும்பத் திரும்பத் தூக்காமல் தன் மேலதிகாரியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். 1990-இல் அந்த 114 ஸ்விட்சுகளுக்கு இப்படி ஒரு மேற்பார்வையாளர் இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. நீங்களும் நானும் காலையில் "குட்மார்னிங்" படம் அனுப்பும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இந்த எர்லாங் மொழியில்தான் எழுதப்பட்டன.

ஸ்லாக் கம்பெனி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. கண்காணிப்புக் கருவிகளை அந்தச் சந்திப்பைத் தாண்டிப் போகாத இடத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். ஆட்சேர்ப்பு நிரலை மொத்தமாகப் பளு ஏற்றிச் சோதிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வருடக் கடைசி விடுமுறை முடிவதற்கு முன்பே அமேசானுக்குச் சொல்லிச் சந்திப்பை அகலமாக்கி வைக்க வேண்டுமல்லவா, அதை மறக்காமலிருக்க ஒரு நினைவூட்டலும் போட்டு வைத்தார்களாம். அதையும் ஸ்லாக்கிலேயே.